சுடுகிற ஐஸ்

வலங்கைமானில் எட்டாம் நாளாக மழை.
ஐஸ் வண்டி தார்ப்பாய்க்குள் கிடக்கிறது.
ஒரு பெட்டி கோன்,
நமத்துப்போகுமுன் ஏதாவது செய் என்றேன்.
செங்கமலம் மைதா சலித்தாள்.

குக்கருக்குள் மணல். விசிலைக் கழற்றியாச்சு.
இட்லித் தட்டில் நிறுத்திய முதல் ஈடு
குடைசாய்ந்து வழிந்தது.
இரண்டாவது, அடி கருகல்.
நான் வாயே திறக்கவில்லை.
அப்புறம் டம்ளருக்கு ஒன்றாய் இறக்கி
முக்கால்தான் ஊற்றினாள்.
மூடியை எடுத்தால்
ஆறு மொட்டைத் தலைகள்,
காதுகுத்துக்கு உட்கார்ந்த மாதிரி.

தூக்குவாளியில் அடுக்கிக்கொண்டு
குடமுருட்டிப் பாலம் தாண்டினேன்.
பழக்கதோஷம், மணியை அடித்துவிட்டேன்.
ரேஷன் வரிசையிலிருந்து ஓடிவந்த யாழ்மொழி
ஒழுகிவிடுமென்று
அவசரமாய் விளிம்பை ஒரு சுற்று நக்கினாள்.
நின்றாள்.
வரிசைக்கே கேட்கும்படி
"அம்மா, ஐஸ் சுடுது!"