துணைக்கு வந்த ரத்தம்

மறதிக்காரி நான்தான்.
சாம்பாருக்கு இரண்டு தடவை உப்பு,
அரிசி டப்பாவுக்குள் ஈஸிலிங்க் அட்டை,
தம்பி மருமகளைக் கூப்பிட வாய் திறந்து
"இவ... இவளே..." என்று நின்றது
எல்லாம் என் கணக்கில்.
குடும்ப வாட்ஸ்அப்பில் அதற்கென்றே
ஒரு மஞ்சள் முகம் வைத்திருக்கிறார்கள்.

அவர் சும்மா துணைக்கு வந்தார்.
முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர்.
பிடோக்கிலிருந்து ஜூரோங் வரை
ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்வார்,
இடித்துப் போட்ட கட்டடங்களின் பெயரையும் சேர்த்து.

நொவீனா, ஒன்பதாம் மாடி.
ஊசியைவிடக் குளிரூட்டிதான் குத்தியது.
தாதி ஸாலேஹா என் முழங்கையைத் தட்டித் தட்டி
நரம்பைக் கூப்பிட்டாள். வரவில்லை.
"ஆண்டி, தண்ணி குடிச்சீங்களா?"
ஞாபகம் இல்லையே என்றேன்.
மூன்று பேரும் சிரித்தோம்.

ஒப்பிட்டுப் பார்க்க
நன்றாயிருக்கும் ஒரு மூளையின் ரத்தமும் வேண்டுமாம்,
அதே வயது, அதே வீடு, அதே சோறு.
அவர் சட்டைக் கையைச் சுருட்டினார்,
வண்டியைக் கிளப்புமுன் சுருட்டுவாரே, அப்படி.
ஊதா மூடி போட்ட இரண்டு குப்பிகள்.
எது யாருடையது என்று
பார்த்தால் தெரியாது.
நாற்பத்திரண்டு வருடத்தில் நாங்கள் ஒத்துப்போனது
அன்றைக்குத்தான்.

படிவத்தின் கடைசிப் பக்கம்:
முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?
நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
தனக்கு 'ஆம்' போட்ட கையோடு
எனக்கும் போட்டார்.

ஆறு வாரம் கழித்து டாக்டர் யோ
என் தாளை முதலில் திருப்பினார்.
பி பன்னிரண்டு வற்றிக் கிடக்கிறது,
ஊசி போட்டால் சரியாகிவிடும், அவ்வளவுதான்.
பிறகு அவருடைய தாள்.
டாக்டரின் குரல் ஒரு கியர் இறங்கியது.

மூளைக்குள் சிக்கு விழத் தொடங்கினால்
அதன் இழை கொஞ்சம்
ரத்தத்துக்குள் கசியுமாம்,
மறதி வந்து கதவைத் தட்டுவதற்குப்
பல வருடம் முன்பே.
டாவ் என்று ஒரு புரதம்,
அதில் ஒரு வகை, இருநூற்றுப் பதினேழு.
கூடியிருக்கிறது.
கூடியிருந்தாலே நோய் என்று இல்லை.
இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம்.

நான் வாய் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் கேட்டது இதுதான்:
"இருநூற்றுப் பதினேழா?
நான் ஓட்டாத தடமாச்சே."

தோ பாயோவில் இறங்கியதும்
நாலு நம்பர் கடை வரிசையில் போய் நின்றார்.
பூஜ்யம் இரண்டு ஒன்று ஏழு,
பெரிசு இரண்டு வெள்ளி, சிறிசு ஒரு வெள்ளி.
விழவில்லை.
அடுத்த வாரமும் போட்டார்.

எனக்கு ஊசி ஏற ஏற
சொற்கள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின.
வினோதினி! தம்பி மருமகள் பெயர்
பாத்திரம் கழுவும்போது தானாக வந்தது.
சொல்லலாம் என்று கூடத்துக்கு ஓடினேன்.
அவர் தொலைக்காட்சியின் ரிமோட்டைக் காதில் வைத்து
யாருக்கோ ஹலோ சொல்லிக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்ததும்
விளையாட்டு என்றார்.
விளையாட்டாகவும் இருக்கலாம்.

புதன்கிழமை, துவைக்கப் போட்ட சட்டையில்
மூன்று சீட்டுகள்.
ஒரே எண், ஒரே குலுக்கல், ஒரே தொகை.
நேரம் மட்டும் வேறு:
பத்து பன்னிரண்டு. பதினொன்று நாற்பது. மூன்று ஐந்து.
ஆசையில் மூன்று வாங்கினாரா?
மூன்றாவதை நீட்டும்போது
கடைக்காரச் சீனத்தி அவர் முகத்தை
நிமிர்ந்து பார்த்திருப்பாளா?

இரண்டைக் கிழித்தேன். ஒன்றை
மாட்டியிருந்த சட்டையில் வைத்தேன்.

ராத்திரி வீட்டுச் சாவியைக் காணோம்.
அவர் ஒவ்வொரு பையாகத் தடவுகிறார்,
முதல் பையிலிருந்து மறுபடியும்.
கைகள் வேகமெடுக்கின்றன.
சாவி குளிர்பெட்டியில், முட்டைகளுக்கு நடுவே இருந்தது.

"நான்தான் வச்சு மறந்துட்டேன்" என்றேன்.
"நீயா! உனக்கு ஊசி போட்டும் பிரயோஜனமில்ல" என்று
மூச்சு விட்டுச் சிரித்தார்.
குடும்பக் குழுவிலும் போட்டார்.

மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்தன.
ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.
பதினொன்று.