பன்னிரண்டு கிராம்

ஆடிக்காற்றில் கோபுரத்துக்குள் ஏணி ஏறும்போது
சோற்றுப் பாத்திரம் கொண்டுபோக முடியாது.
இடுப்பில் கொக்கி, தோளில் ஸ்பானர் பை.
மிச்சம் தொடைப்பையில்
இரண்டு விரல் அகலம், அரைச் சாண் நீளம்.
மதியச் சாப்பாடு அதற்குள் அடங்கவேண்டும்.

கடலைமிட்டாய் இருக்கிறதே என்பீர்கள்.
கொண்டுபோனேன். நொறுங்கி,
பாகும் கிரீஸும் சேர்ந்து
கையுறை போல்ட்டோடு ஒட்டிக்கொண்டது.
அந்த மாத அறிக்கையில் இப்போதும் இருக்கிறது:
"அந்நியப் பொருள் – வேர்க்கடலை."

வெட்டூர்ணிமடத்தில் ஜிம்முக்குக் கீழே ஒரு கடை.
அலமாரி முழுக்கத் தலையில்லாத ஆண்களின் தசைகள்.
"அண்ணனுக்காக்கா?" என்றான் விஜின்.
"எனக்கு."
"வெயிட் குறைக்கவா?"
"காத்தாடி ஏற."
அதற்கு எந்தப் பெட்டி என்று
அவனுக்குத் தெரியவில்லை.

நான் மீனை விட்டுப் பதினோரு வருஷம்.
இந்த மாவட்டத்தில் அதைச் சொல்லிப்பாருங்கள்,
துக்கம் விசாரிக்கிற குரலில் பேசுவார்கள்.
அம்மை இன்றும் சாளை வாங்கினால்
எனக்கென்று இரண்டு கூட்டி எண்ணுகிறாள்,
பிறகு அண்ணன் தட்டில் போடுகிறாள்.
ஏன் விட்டாய் என்பவர்களுக்கு
ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறேன்.

ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன்.
பழுப்பு முக்கோணம், முட்டைவெள்ளைத் தூள்: வைத்துவிட்டேன்.
ஜெலட்டின்: யாருடைய எலும்போ.
அடுத்ததில் பச்சைப் புள்ளி, ஆனால் மால்டிடால்,
அதிகம் தின்றால் வயிறு இளகும் என்று பொடி எழுத்து.
எண்பது மீட்டர் உயரத்தில் கக்கூஸ் கிடையாது.
அதையும் வைத்துவிட்டேன்.

கடைசியில் ஒரு வெளிநாட்டுச் சரக்கு.
தங்கக் காகிதம், தேங்காய்ப் படம்,
இருபது கிராம், இருநூற்றுப் பத்து ரூபாய்.
பின்பக்கம் ஸ்டிக்கர், அதன்மேல் விலை ஸ்டிக்கர்.
பச்சை தெரிந்தது என்றுதான் வாங்கினேன்.
அது தென்னோலை.

வியாழக்கிழமை, ஆரல்வாய்மொழி,
பதினேழாம் நம்பர் காற்றாலையின் தலைக்குள்
நாங்கள் இரண்டு பேர், மணி ஒன்றரை,
இன்னும் நாற்பத்தாறு போல்ட் பாக்கி.
நான் ஒரு கடி கடித்தேன்.
ஆன்றோ சும்மா இருக்கமாட்டாமல்
காகிதத்தின் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தான்.
"பிள்ளே, நில்லு" என்றான்.
நெற்றி விளக்கில் எழுத்துக்கூட்டி வாசித்தான்.
"மீன். கொலாஜன். அஞ்சு கிராம்."

மேல்மூடியைத் திறந்தால்
தெற்கே கடல் ஒரு கோடு.
அதற்கும் அப்பால் எங்கோ
அவன் அப்பா வலை போட்டுக்கொண்டிருந்தார்.
"எந்தக் கடல் மீனோ மக்கா,
பொடிச்சு தேங்காய்க்குள்ள ஒளிச்சு
இவ்ளோ ஒசரம் ஏத்திட்டானுவளே!"
அவன் சிரித்ததில் கொக்கிகள் கிலுங்கின.

துப்ப இடமில்லை. விழுங்கினேன்.
பதினோரு வருஷம் கழித்து,
மீனின் ருசி ஒரு துளிகூட இல்லாமல்.
அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மீதியை அவன் தின்றான்.
"தேங்காயும் இல்ல, மீனும் இல்ல" என்று
தன் பையிலிருந்து இரண்டு மட்டிப்பழம் தந்தான்.
இரண்டிலும் சேர்த்து ஒரு கிராம் இருக்கலாம்.
இரவு அம்மையிடம் சொல்லவில்லை.
சொன்னால் மறுநாளே என் தட்டில் வைத்துவிடுவாள்.

சனிக்கிழமை விஜினைக் கொண்டே
எல்லா ஸ்டிக்கரையும் உரிக்கவைத்தேன்.
முணுமுணுத்தான், உரித்தான்,
இரண்டு பெட்டியைத் தானே உள்ளே எடுத்துவைத்தான்.
மிஞ்சியது ஒன்று: பட்டாணிப் புரதம், பேரீச்சை,
பன்னிரண்டே கிராம், எண்பது ரூபாய்,
படமே இல்லாத காகிதம்.

"எப்டி இருக்கு?" என்கிறான் ஆன்றோ.
"செவரு மாதிரி."
மெல்ல நேரமெடுக்கிறது.
மென்றபடியே எண்ணுகிறேன்,
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு,
இதை இன்னும் கொஞ்சம் முறுக்கவேண்டும்.