நிகர எடை

பீடோங்கில் வெக்கைக்குக் காசு கொடுப்பவள்
நான் ஒருத்திதான் என்று
பாய்லர் அர்ஜுனன் மில் முழுக்கச் சொல்லிவிட்டார்.
சொல்லட்டும்.
செவ்வாய் இரவு எட்டு மணி,
டயர் கடைக்கு மேல்மாடி,
மிஸ் லாய் ஹீட்டரைத் தட்டினால் முப்பத்தெட்டு.
பெண்கள் மட்டும். மாதம் தொண்ணூறு வெள்ளி.

முதல் நாள் போனது
கம்பெனி குடும்ப தினத்தில் கொடுத்த டீ-சட்டையில்.
தடித்த பருத்தி, முதுகில் செம்பனைக் குலை.
கீழே கறுப்பு டிராக்,
அதற்குள் இன்னொன்று, மரியாதைக்கு.
பத்தாவது நிமிடத்தில்
குலை பழுத்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.
இருபதாவதில்
யாரோ ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு
மூச்சு விடு, மூச்சு விடு என்றார்கள்.
குனிந்தேன். தரை எழுந்து வந்தது.

படிக்கட்டில் உட்கார்ந்து
ஒரு போத்தல் ஐஸ் தண்ணியை
ஒரே இழுப்பில் குடித்தேன்.
போன வேகத்தில் மேலே வந்தது.
மிஸ் லாய் முதுகைத் தடவியபடி மலாயில் கேட்டாள்,
காலையிலிருந்து என்ன குடித்தாய் என்று.
யோசித்தேன்.
ஏழு மணிக்கு ஒரு தே தாரிக்.
பத்து மணிக்கு அரைக் கோப்பை கோப்பி.
அப்புறம் அறுபத்திரண்டு லோரி.

என் வேலை தெரியாதவர்களுக்கு:
லோரி உள்ளே வரும், நிறுப்பேன்.
கொட்டிவிட்டு வெளியே போகும், நிறுப்பேன்.
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் சரக்கு.
பதினாலு வருஷமாய்
இந்த ஒரு கழித்தலில்தான் என் சோறு.
கண்ணாடிக் கூண்டு, ஏர்கோன் உண்டு.
கக்கூஸ் மட்டும் பாய்லருக்கு அந்தப் பக்கம்.
வரிசை நிற்கும்போது எழுந்து போக முடியாது,
அதனால் குடிக்காதே என்று
உடம்பிடம் சொல்லி வைத்திருந்தேன்.
பாவம், அதுவும் கேட்டுக்கொண்டது.

அடுத்த செவ்வாய்
வீட்டுத் தராசைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்,
இளஞ்சிவப்பு, மூலையில் விரிசல்.
வகுப்புக்கு முன் அறுபத்தெட்டு புள்ளி நாலு.
முடிந்து, துடைத்து, மறுபடி ஏறினால்
அறுபத்தேழு புள்ளி ஐந்து.
கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள்,
மல்லிகேஸ்வரி இளைச்சிட்டா!
இளைப்பா இது?
தொள்ளாயிரம் கிராம் தண்ணி.
இறக்கியதைத் திருப்பி ஏற்றாமல்
எந்த லோரியையும் இப்படி நான் அனுப்பியதில்லை.

அர்ஜுனனிடம்தான் கேட்டேன், வேறு யாரிடம் கேட்பது?
முப்பது வருஷம் நெருப்பு வாயில் நிற்கிற மனுஷன்.
சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து
ஓர் அசாம் போய் எடுத்துக் கொடுத்தார்.
"இதத் தண்ணியில போடு. மூணு மணிக்கே ஆரம்பி.
மடக்கு மடக்கா.
தாகம் எடுத்துக் குடிக்கிறது
பஸ் போனப்புறம் கை காட்டுற மாதிரி."

துணிக்கு மட்டும் யாரையும் கேட்கவில்லை.
பசார் மாலாமில் கையில்லாத மெல்லிய பனியன்,
இருபது வெள்ளிக்கு மூன்று.
கீழே மகனின் ஃபுட்சால் சிலுவார்,
தொடையில் ஏழாம் எண்.
தெரு தாண்டும்வரை மேலே ஒரு பாஜு;
மாடியில் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவேன்.
தோளில் அம்மை ஊசித் தழும்பு
நாற்பது வருஷம் கழித்து வெளிச்சம் பார்த்தது.
கோயில் கமிட்டி சாந்தகுமாரியும் அங்கேதான்,
அதே தழும்பு, அதே இடத்தில்.
இருவரும் பார்த்துக்கொண்டோம்,
பேசவில்லை. வியர்வை
எங்கும் நின்று ஒட்டாமல் ஓடியது.

இன்று மூன்று மணி பத்து.
போத்தலில் அசாம் போய் ஊதி வெளுத்துக் கிடக்கிறது,
பாதிக்குக் கீழே தண்ணி.
தராசு மேடையில் பாங் ரோஸ்லானின் லோரி,
பின்னால் இன்னும் ஒன்பது.
கண்ணாடியைத் தள்ளிக் கை நீட்டினேன்,
துங்கு, அஞ்சு நிமிஷம்.
பதினாலு வருஷத்தில் முதல் தடவை.
அவர் இன்ஜினை அணைத்துவிட்டு
ரேடியோவைக் கூட்டினார்.

குலை எங்கும் போய்விடாது.
நான் பாய்லரைத் தாண்டி நடக்கிறேன்,
பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறான்.