பொய் ஈ

திருச்சி விமான நிலையத்தில் சுங்கக்காரர்
நீளக் குழாயைத் தட்டிப் பார்த்தார்.
தூண்டில், என்றேன்.
நம்மூரில் இல்லாத தூண்டிலா, என்று
சிரித்து விட்டுவிட்டார்.

அயர்லாந்து ஏரியொன்றில்
ட்ரவுட் என்னும் புள்ளிபோட்ட மீனுக்காகச் செய்த கழி.
இரவுப் பணி முடிந்து கையுறை கழற்றிய கையால்
அதைப் பிடிக்கப் பழகினேன்.
அங்கே குளிர் பூட்சுக்குள் ஏறி
முழங்காலில் உட்கார்ந்துகொள்ளும்.
இங்கே அணைக்கரையில்
காலை எட்டுக்கே கல் சுடுகிறது.

புரட்டாசி சனிக்கிழமை.
பாலத்தோரக் கடையில் மசாலா தடவிய விரால்
கேட்பாரற்றுக் கிடக்கிறது.
வேப்ப நிழலில் ஆட்டோவை நிறுத்திய நத்தர்ஷா
வெயிட்டிங் மணிக்கு நூறு என்றார்.
குழாயிலிருந்து கழியை நான்கு துண்டாக எடுத்து
நான் ஒன்றாகச் செருகியதும்
ஐம்பது போதும் சிஸ்டர் என்றார்.

ஈ நான் கட்டியதுதான்.
மாமியார் வீட்டுச் சேவலின் கழுத்திறகு இரண்டு,
என் கல்யாணத் திருபுவனப் பட்டில் பிரிந்த
சரிகை ஓர் இழை.
கொக்கியின் முள்ளைக் குறடால் நசுக்கியிருந்தேன்.
பிடித்தால் விடுவதற்கு வசதி.

கயிற்றைப் பின்னால் வீசவேண்டும்.
அது முழுக்க நீளும்வரை பொறுக்கவேண்டும்.
பிறகு முன்னால்.
மூச்சை இழுங்க என்று சொல்லி
ஊசி இறக்கும் முன் ஒரு கணம் இருக்குமே,
அவ்வளவு பொறுமை.
முதல் வீச்சு கொடிக்கம்பத்தில் மாட்டியது.
எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன்.
நத்தர்ஷா ஏறி எடுத்துத் தந்தார்.

பத்தடி தள்ளி ஒரு பையன்,
மூங்கில் குச்சி, நைலான் நரம்பு, மைதா உருண்டை.
பத்து மணிக்குள் ஏழு ஜிலேபிக் கெண்டை
அவன் பாலித்தீன் பையில் துள்ளிக்கொண்டிருந்தன.
நான் ஷட்டருக்கு மேலே தேங்கிய தண்ணீரில்
ஆகாயத்தாமரைக்கு நடுவே கிடைத்த சந்துகளில்
பூச்சியை இறக்கி இறக்கி எடுத்தேன்.
ஒரு நீர்க்காகம் மட்டும் கவனித்தது.

அது பொய்ப் பூச்சியாக்கா?
ஆமா.
மீனை ஏமாத்துறீங்க.
உன் மாவு மட்டும் என்னவாம்?
அவன் யோசிக்கவில்லை.
மாவத் தின்னுட்டுத்தானே சாவுது.
உங்களுது ஒண்ணும் குடுக்கல.

பதில் சொல்ல வாய் திறந்தபோது
தண்ணீர் குழிந்தது.
கழி வளைந்தது.
குளிர்நாட்டுக் கழிக்கு
இந்த இழுப்பு புரியவில்லை;
ஆழத்துக்கு ஓடவில்லை,
பக்கவாட்டில், வேரைத் தேடி,
வீட்டு வாசல் தெரிந்த மாதிரி போனது.

கெண்டை. ஒரு சாண் இருக்கும்.
கையை நனைத்துக்கொண்டு தூக்கினேன்,
செவுள் திறந்து மூடியது,
உதட்டோரம் என் பட்டின் சரிகை.
மெல்ல எடுத்துவிட்டுத் தண்ணீருக்குள்
தலையைத் திருப்பிப் பிடித்தேன்.
போயிற்று.

ஐயையோ, என்றார் நத்தர்ஷா.
பையன் ஒன்றும் சொல்லவில்லை.
என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை,
வெறுப்பும் இல்லை.
நோயாளியின் கட்டிலருகே
தேவையில்லாமல் நிற்பவரைப் பார்ப்போமே, அப்படி.

பதினொன்றரைக்குச் சங்கு ஊதியது.
எங்கோ மழையாம்; ஷட்டரைத் தூக்கினார்கள்.
தேக்கம் அரையடி இறங்க
கரைச்சேறு நாற்றத்தோடு வெளியே வந்தது,
ஆகாயத்தாமரை மொத்தமும்
மதகை நோக்கி நகர்ந்தது.
இனி இன்று மீன் கடிக்காது.
அயர்லாந்தானாலும் அணைக்கரையானாலும்.

பையனின் வீட்டில் இந்த மாசம் மீன் ஏறாது.
நத்தர்ஷாவுக்குப் புரட்டாசி கிடையாது.
எண்பதில் தொடங்கி அறுபதில் முடிந்தது பேரம்.

ஆட்டோவில் என் காலடியில்
அந்தப் பை நெடுநேரம் அசைந்தது.
திருப்பனந்தாள் தாண்டும்போது நின்றது.

கும்பகோணத்தில் இறங்கிக் காசு எடுக்கையில்தான்
தோளில் ஏதோ இழுத்தது.
ஈ என் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டிருந்தது.
முள் இல்லாததால்
தொட்டதும் வந்துவிட்டது.