பிழை திருத்தம்

ஸ்டான்லியில் அந்தப் பயிற்சி டாக்டர்
இசைக்கவையைத் தன் முழங்கையில் தட்டி
வலக்காதருகே பிடித்தாள்: ஸட்ஜம்.
இடக்காதருகே பிடித்தாள்:
அதே கவை, ஒரு நூல் தாழ்ந்த ஸட்ஜம்.
"எத்தனை வருஷமா இப்படி?"

தெரியாது.
தண்டையார்பேட்டை கிளை நூலகத்தில்
நெடுஞ்சாலைக்கு இடத்தோளைக் காட்டும் மேஜையில்
இருபத்தாறு வருடம்
புத்தகம் கொடுத்து வாங்கியிருக்கிறேன்.
துறைமுக வாசலுக்கு வரிசையில் நின்ற
கன்டெய்னர் லாரிகளின் ஹாரனையெல்லாம்
இந்தக் காதுதான் பதிவேட்டில் ஏற்றியது.

பூட்டிவிட்டு, சட்டை மாற்றி,
பஸ் பிடித்துக் கச்சேரிக்குப் போவேன்.
எப்போதும் வலக்கோடி நாற்காலி.
மங்களத்துக்கு முன் நழுவினால்தான்
கடைசி பஸ்.
மேடையைப் பார்த்திருந்தது
இடக்காது.

"குஞ்சிதபாதத்தின் தோடியில்
காந்தாரம் நெடுகத் தாழ்ந்தே நின்றது;
தம்பூரா கெஞ்சியும் கேட்கவில்லை."
அந்தக் கடைசி மூன்று சொற்களுக்காக
அன்றிரவு எனக்கு நானே
முட்டை பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த மார்கழிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.
அதற்கு நான்தான் காரணம் என்பதும்
விமர்சகனின் கர்வமாக இருக்கலாம்.
யாருக்காவது கல்யாணம், யாருக்காவது காமாலை,
ஆயிரம் இருக்கும்.
அன்று அவர் தாழ்ந்தாரா, நான் தாழ்ந்தேனா,
ஒலிநாடா கிடையாது.
இருவரும் தாழ்ந்திருக்கவும் கூடும்,
ஒரே அளவுக்கு அல்ல.

இந்தக் கிளையில் இசைக்கு
பதினொரு நூல்கள்,
அந்த மாத இதழின் பைண்டு செய்த நான்கு தொகுதிகள்.
மூன்றாவதை எடுத்தேன்.
கடைசியாக இரவல் வாங்கியவன் நான்.
அதற்கு முன்னும் நான்.

ஜெபமணி மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய
மைதாப் பசையைக் கொண்டுவந்து வைத்து
"கிழிஞ்சிருச்சா சார்?" என்றார்.
ஆமாம் என்றேன்.

துண்டுச் சீட்டில் எழுதினேன்:
பக்கம் 37, வரி 9, நீக்கவும்.
நீக்கிவிட்டு அங்கே எதை வைப்பது?
"நன்று" என்று போட எனக்குத் தைரியம் இல்லை,
அதற்கும் இதே காதுதானே சாட்சி.
அடித்துவிட்டு எழுதினேன்:
இதை எழுதியவர் வலக்கோடியில் உட்கார்ந்திருந்தார்.

பசை காயவில்லை.
மேஜைக்கு எதிரே ஒரு பையன்
எதையோ கேட்டான்.
முகத்தைத் திருப்பி
வலக்காதைக் கொடுத்தேன்.
குரூப் ஃபோர் கைடு.
வெளியே போயிருக்கு தம்பி,
வெள்ளிக்கிழமை வந்து பார்.