இல்லாத விசை

ட்ரான்ட்ஹைமில் பிப்ரவரி. மூன்றாம் மாடி.
பனி வாரும் வண்டி ஓட்டுகிற தூர்லைஃப்
ஈரக் காலுறையோடு வந்து உட்கார்கிறார்.
இயந்திரக் கையின் பிடியைப் பற்றி
திரையில் தெரியும் பச்சைப் புள்ளிக்கு
நேராகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.
சொல்லாமல் ஒரு பொத்தானை அழுத்துகிறேன்.
பிடி வலப்பக்கம் இழுக்கிறது.
கோடு பிறைபோல் வளைகிறது.
"பழுதா?"
"இல்லை, தொடருங்கள்."
நாற்பதாவது முறை பிறை மெலிகிறது,
நூற்றிருபதில் நூல் பிடித்தாற்போல் நேர்.
எப்படி என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.
தோளுக்குத் தெரியும். தோள் வாய் திறக்காது.

பிறகு விசையை நிறுத்துகிறேன்.
கை இடப்பக்கம் பாய்கிறது,
பூட்டியிருக்கும் என்று நம்பி
திறந்த கதவை முட்டியவன்போல.
பின்விளைவு, மூன்று சென்டிமீட்டர்:
குறித்துக்கொள்கிறேன்.

தூர்லைஃப் தன் கையையே பார்க்கிறார்.
"லூர்வா வலப்பக்கம்தான் இழுப்பாள்,
ஆற்றோரம், வாத்துகளைப் பார்த்தால் போதும்.
பதினோரு வருஷம். அக்டோபரில் போய்விட்டாள்.
நான் இன்னும் இடப்பக்கச் சுவரை
உரசிக்கொண்டே நடக்கிறேன்.
பாருங்கள், மேலங்கியில் இந்த முழங்கை மட்டும் தேய்ந்திருக்கிறது."

எத்தனை முறையில் மறந்துபோகும் என்கிறார்.
"சராசரியாக இருபத்தைந்து."
"பிறகு பழையபடியா?"
முழுக்க இல்லை. மறுபடி இழுத்தால்
இரண்டாம் தடவை சீக்கிரம் பழகிவிடும்.
எங்கேயோ இருக்கத்தான் செய்கிறது.
எங்கே என்று தேடத்தான் எங்களுக்கு மானியம்.

மீண்டும் பிடியைப் பற்றுகிறார்.
ஐந்து. ஒன்பது. பதினாறு.
கோடு நிமிர்ந்துகொண்டே வருகிறது.
இருபதில் கையை எடுத்துவிட்டு
"மீதியை இன்னொரு நாள் செய்யலாமா?"

விதிப்படி கூடாது,
தரவு வீணாகும்.
செய்யலாம் என்கிறேன்.