பதினோரு நொடி

மேப்பிள் பெண்ட் என்கிற ஊருக்கு மூன்றே சுவர்.
நாலாவது இருக்க வேண்டிய இடத்தில்
சக்கரம் வைத்த காமிரா இரண்டு,
அப்புறம் ஒரு ஸ்டூல், அதில் நான்,
மடியில் வசனக் கட்டு.

சிகாகோ. ஐம்பத்தொன்று, பிப்ரவரி.
எல்லாம் நேரலை. தும்மினால் தும்மியதுதான்.
தெருவில் நிஜப் பனி; எங்கள் ஜன்னலுக்குப் பின்னால்
ஏணியில் நின்று ஒருவன் சோப்புத்தூள் தூவுவான்.

அன்று இரும்புக்கடைக்காரர் வீட்டில் இரவுச் சாப்பாடு.
மனைவி கேட்கிறாள்: "கடைக்கு யார் வந்தது இன்றைக்கு?"
தர்லோ பெக்வித் பதில் சொல்ல வேண்டும்.

மறந்துவிட்டார்.
காதுமடல் சிவந்ததில் எனக்குத் தெரிந்தது.
எடுத்துக்கொடுப்பது என் வேலை;
விரல் வரியின் மேலேயே இருந்தது.
ஆனால் மைக் என் தலைக்கு நேர் மேலே தொங்கியது.

சர்க்கரைக் கிண்ணத்தின் மூடியைத் திறந்தார்.
உள்ளே பார்த்தார். மூடினார்.
ஐடா உப்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.
சோப்புத்தூள் விழுந்தது, விழுந்தது.
"யாரும் வரவில்லை," என்றார் கடைசியில்.

வசனத்தில் மேயர் வந்திருந்தார், ஓர் ஆட்டுடன்.
அந்த ஆடு கதவுக்குப் பின்னால்
தன் முறைக்காகக் கயிற்றை மென்றுகொண்டிருந்தது.

தரைமெழுகுக் கம்பெனிக்காரர் போனில் கத்தினார்:
பதினோரு நொடி!
காசு கொடுப்பது நான், சும்மா இருப்பது அவனா?

செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம், அயோவாவிலிருந்து.
ஹல்டா ரைனர்ட்சன், பென்சிலில்:
"என் வீட்டுக்காரர் இப்படித்தான் சாப்பிடுவார்.
உங்களுக்கு எப்படித் தெரிந்தது?
ஆடு நன்றாக இருந்தது.
ஆனால் அந்த உப்பு நகர்ந்தபோதுதான்
நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்."

அதுபோல இன்னும் நாற்பது.

கோவாக் அடுத்த வாரத்துக்குத் தட்டச்சு செய்தார்:
மௌனம், பதினோரு நொடி, சர்க்கரைக் கிண்ணம்.
தர்லோ திறந்தார், பார்த்தார், மூடினார்.
ஏழு, எட்டு என்று உதடு எண்ணுவது
என் ஸ்டூலிலிருந்து தெரிந்தது.
ஐடா உப்பை நகர்த்தினாள், எட்டாவது நொடியில், எழுதியபடி.
அயோவா ஒன்றும் எழுதவில்லை.

ஜூனில் ஊரைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள்.
கிண்ணத்தைக் காகிதத்தில் சுற்றப் போனவள்
மூடியைத் திறந்தேன். சர்க்கரை இல்லை.
அடியில் ஒட்டிய சீட்டு, பழுப்பேறி,
தர்லோவின் கோணல் கையெழுத்தில்,
படிக்க முடியாத அளவு சின்னதாகவும் இல்லை:

மேயர். ஆட்டுடன்.